மருந்துக்கு முன் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

"தொட்டியில ஏதோ வந்திருக்கு, என்ன மருந்து போடலாம்?" கடல்மீன் விற்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. வந்திருப்பது என்னவென்று தெரியுமுன்பே பேச்சு மருந்துக்குப் போய்விடுகிறது. ஒரு பாட்டில் கைமாறுகிறது. இரவு ஊற்றினால் விடிவதற்குள் இறாலும் நத்தையும் செத்துக் கிடக்கின்றன. எதற்காக ஊற்றினார்களோ அது கல்லிடுக்கில் அப்படியே இருக்கிறது. வீட்டுக் கடல்நீர்த் தொட்டிகளில் வரும் பூச்சிகளில் (ஒட்டுண்ணி, பாசி, புழு என்று வேண்டாத எல்லாவற்றையும் இப்படித்தான் சொல்கிறோம்) பெரும்பாலானவை பொறுமையாக அணுகினால் அடங்கக்கூடியவை. ஆனால் ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்கு ஊட்டமாகிவிடும். அதனால்தான் பெயரைக் கண்டுபிடிக்காமல் தொட்டிக்குள் எதையும் ஊற்றாதீர்கள் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம். இந்த விவரங்கள் தமிழில் எளிதாகக் கிடைப்பதில்லை. ஆகவே கடிதம் சற்று நீளும்.

பூச்சிக்கு முன் தண்ணீரின் அளவு. நம் ஊரில் தொட்டியை அடிக்கணக்கில் வாங்குகிறோம். மருந்துப் பாட்டிலில் அளவு பெரும்பாலும் அமெரிக்க காலனில் அச்சாகியிருக்கும். ஓர் அமெரிக்க காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் ஏறக்குறைய 255 லிட்டர். மேலே விட்ட இடைவெளி, மணல், கல் எல்லாம் போக உள்ளே நிற்கும் தண்ணீர் 200 லிட்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். 255 லிட்டருக்கு என்று மருந்து ஊற்றினால் கால் பங்குக்கும் மேல் கூடுதலாக ஊற்றியிருப்பீர்கள். தாமிரம் கலந்த மருந்தில் இந்த வித்தியாசம் மீனின் உயிர். அடுத்த முறை தொட்டியை நிரப்பும்போது எத்தனை வாளி என்று எண்ணிக் கண்ணாடியின் ஓரத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

எல்லாரையும் அலைக்கழிப்பது ஐப்டேசியா. கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் பழுப்புத் தண்டு, நுனி கூர்ந்த மெல்லிய தொடுவிரல்கள், தொட்டால் சட்டென்று பொந்துக்குள் சுருங்கிக்கொள்ளும் சுபாவம் கொண்ட சிறு கடல்சாமந்தி இது. முதலில் ஒன்று தெரியும்போது அழகாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். சில மாதங்களில் கல் முழுக்கப் பரவி, பக்கத்தில் இருக்கும் மென்பவளங்களைக் கொட்டிச் சுருங்கவைக்கும். அடுத்து நடப்பதுதான் தவறு: கத்தியால் சுரண்டுவது, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பது. ஐப்டேசியாவின் பாதத்திலிருந்து ஒட்டியிருக்கும் ஒரு துணுக்கு போதும், அதிலிருந்து முழு உயிர் வளர்ந்துவிடும். ஒன்றைச் சுரண்டியவர் பத்தை நட்டவராகிறார்.

செய்ய வேண்டியது, அதை இருந்த இடத்திலேயே உருக்குலைப்பது. அதற்கு நமக்கு நன்கு தெரிந்த பொருளே போதும்: சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆனால் வெற்றிலைக்கடைச் சுண்ணாம்பு வேண்டாம். அதில் நிறமும் வாசனையும் சேர்த்திருக்கலாம், வேறு என்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது. உணவுத் தரமுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு தூளை வாங்கி, ஒரு தேக்கரண்டித் தூளுக்கு ஏறக்குறைய அதே அளவு ஆர்.ஓ. நீர் விட்டு, தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் குழைத்துக்கொள்ளுங்கள். 5 மில்லி சிரிஞ்ச், அதில் முனை மழுங்கிய 18 கேஜ் ஊசி. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். சுண்ணாம்புக் குழம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

அலை உண்டாக்கும் மோட்டார்களையும், சம்ப் எனப்படும் கீழ் வடிகட்டித் தொட்டியின் மோட்டாரையும் நிறுத்துங்கள். தண்ணீர் அசையாமல் நின்றபின் ஊசியைப் பக்கவாட்டிலிருந்து மெதுவாகக் கொண்டுபோங்கள். மேலிருந்து நிழல் விழுந்தால் அது உள்ளே போய்விடும், பிறகு அன்றைக்கு வேலை நடக்காது. முதல் துளி வாயின் நடுவில் விழவேண்டும். அது சுருங்கும்போது பொந்தின் வாயையே குழம்பால் மூடிவிடுங்கள். 20 நிமிடம் கழித்து வெள்ளைப் படிவைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு மோட்டாரைப் போடலாம். 200 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு ஐந்தாறுக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் சுண்ணாம்பு தண்ணீரின் பி.எச். அளவை ஏற்றும். பி.எச். 8.5 தொட்டால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். ஒரே நாளில் நாற்பதையும் முடித்துவிடலாம் என்று இறங்குபவர்கள் மீன்களைத்தான் முடிக்கிறார்கள். பொந்தின் அடியில் தப்பியது ஒரு வாரத்தில் மீண்டும் தலைகாட்டும். அப்போது மறுபடி ஒரு துளி. எண்ணெயில் பொரித்து எடுப்பதுபோல் ஒரே தடவையில் முடியும் காரியமல்ல இது.

எண்ணிக்கை கைமீறிப் போயிருந்தால் அதைத் தின்னும் உயிர்களை விடலாம். பெப்பர்மின்ட் இறால் தின்னும். ஆனால் அந்தப் பெயரில் ஒட்டக இறாலைத் தலையில் கட்டிவிடுவது உண்டு. அது ஐப்டேசியாவை விட்டுவிட்டு மென்பவளங்களைக் கொறிக்கும். அடையாளம் எளிது. பெப்பர்மின்ட் இறாலின் உடல் ஒளி ஊடுருவும். அதில் மெல்லிய சிவப்புக் கோடுகள் மட்டும் ஓடும். ஒட்டக இறாலுக்கு முதுகு கூனலாக எழும்பியிருக்கும், கண் பெரிது, சிவப்பு உடலில் பளிச்சென்ற வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். பெர்கியா என்ற சின்னஞ்சிறு ஓடில்லாக் கடல்நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. எங்கள் கணிப்பில் இதுவே நம்பகமான வழி. ஆனால் இரவில்தான் வெளியே வரும், வேலை முடிய மாதக்கணக்கில் ஆகும். ராஸ் வகை மீன்களும் பெப்பர்மின்ட் இறாலும் அதையே தின்றுவிடும் என்பதால் இரண்டு வழிகளையும் ஒன்றாகக் கையாள முடியாது. ஐப்டேசியா தீர்ந்தபின் அது பட்டினியால் சாகும். அதற்கு முன் தேவையுள்ள வேறொரு தொட்டிக்குக் கொடுத்துவிடுவதுதான் நியாயம். காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீனை இதற்கென்று வாங்கச் சொல்வார்கள். பிடித்து வரும் அந்த மீன்களில் பல, வீட்டுத் தொட்டியில் உணவெடுக்கவே மறுத்துச் செத்துப்போகின்றன. ஒரு பூச்சியை ஒழிக்க ஒரு மீனைப் பலிகொடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

அடுத்தது வெள்ளைப்புள்ளி நோய். மீன் கல்லில் உடம்பை உரசும், துடுப்பில் ரவை ஒட்டியதுபோல் எண்ணக்கூடிய புள்ளிகள் தெரியும். இதற்கு நம் ஊரில் சொல்லப்படும் வைத்தியமெல்லாம் நன்னீர் மீன் வைத்தியம்: கல்லுப்பு போடு, ஹீட்டரைக் கூட்டு, மஞ்சள்தூள் கரை. நன்னீர்ப் புள்ளி நோயை உண்டாக்குவது வேறு உயிரி. கடல்மீனுக்கு வருவது கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ். உப்புநீரிலேயே வாழும் அதற்கு உப்புப் போட்டு என்ன பயன்? வெப்பத்தை 30 டிகிரிக்கு ஏற்றினால் நீரில் கரையும் ஆக்ஸிஜன் குறைந்து, செவுள் ஏற்கெனவே புண்ணான மீன் மூச்சுத் திணறும். உணவில் பூண்டுச்சாறு கலப்பதும் இந்தப் பூச்சியைக் கொல்லாது.

அதன் வாழ்க்கையை அறிந்தால் ஏன் எல்லாரும் ஏமாறுகிறோம் என்பது புரியும். மீனின் தோலுக்கு அடியில் 3 முதல் 7 நாள் வரை இருந்து தின்னும். தோல் மூடியிருப்பதால் அப்போது மருந்து எட்டாது. பிறகு உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் கூடு கட்டிக்கொள்ளும். "மருந்து போட்டேன், மூணே நாளில் புள்ளி போய்விட்டது" என்று சொல்வது இந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான். மருந்து போடாவிட்டாலும் போயிருக்கும். கூட்டுக்குள் ஒன்று நூற்றுக்கும் மேலாகப் பெருகும். சில கூடுகள் 3 நாளில் வெடிக்கும். சில பல வாரம் கிடக்கும். வெளிவரும் குஞ்சுகள் இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். ஆகவே முதன்மைத் தொட்டியைச் சுத்தப்படுத்த மருந்தே வேண்டியதில்லை. எல்லா மீன்களையும் வெளியே எடுத்துவிட்டு 76 நாள் மீனில்லாமல் ஓடவிட்டால் போதும். இறால், நத்தை, மென்பவளம் எல்லாம் உள்ளேயே இருக்கலாம். ஒரே ஒரு மீனை "இதுக்கு ஒண்ணும் இல்லையே" என்று விட்டுவைத்தால் அந்த 76 நாளும் வீண்.

வெளியே எடுத்த மீனுக்கு, தாமிரம் அளக்கும் கருவி கையில் இல்லாத வீடுகளில், தொட்டி மாற்றும் முறையைப் பரிந்துரைக்கிறோம். 50 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காற்றுக்குழாயும் கல்லும், மீன் ஒளிந்துகொள்ள பிவிசி எல்போ ஒன்றிரண்டு. மணலும் கல்லும் கூடாது. முதல் நாள் மீன் முதல் தொட்டியில். 72 மணி நேரம் முடியுமுன், அதே உப்பளவும் அதே வெப்பமும் உள்ள புதுநீர் நிரப்பிய இரண்டாம் தொட்டிக்கு மாற்றுங்கள். இப்படி 4, 7, 10, 13 ஆம் நாள்களில் மாற்றம். உதிர்ந்த பூச்சி கூடு வெடித்து வெளிவருவதற்கு முன் மீன் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான் சூத்திரம். விட்டுவந்த தொட்டியையும் குழாயையும் எல்போவையும் நன்கு கழுவி ஒரு முழுநாள் வெயிலில் காயவைத்தபிறகே மறுபடி பயன்படுத்த வேண்டும். ஈரம் ஒட்டியிருந்தால் கூடும் ஒட்டியிருக்கும். பழைய தண்ணீர் ஒரு குவளைகூடப் புதுத் தொட்டிக்குள் போகக்கூடாது. தின்னாத தீனியை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். வடிகட்டி இல்லாத தொட்டியில் மூன்று நாளில் மீனைக் கொல்வது அம்மோனியாதான்.

புள்ளிகளை எண்ண முடியாமல், சலித்த மாவு தூவியதுபோல் மங்கலான பொன்னிறப் படலமாகத் தெரிந்து, மீன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் அது வெல்வெட் நோய். இதற்குத் தொட்டி மாற்றும் முறை உதவாது. இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகலாம். அன்றைக்கே மீனை வெளியே எடுத்து, வெப்பமும் பி.எச்.சும் பொருந்திய நன்னீரில் ஐந்து நிமிடம் முக்கி, தனித் தொட்டியில் தாமிர மருந்தைத் தொடங்கவேண்டும்.

அந்தத் தாமிரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உரக்கடையில் வாங்கிய மயில்துத்தத்தை ஒரு சிட்டிகை போடும் பழக்கம் இருக்கிறது. மயில்துத்தத்தின் எடையில் கால் பங்கு தாமிரம். வெறும் தாமிர அயனியாக மீனுக்கு வேண்டியது லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம். அதாவது 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் 80 மில்லிகிராமுக்கும் குறைவு. சிட்டிகை என்பது அதைப்போல் நாலைந்து மடங்கு. வீட்டுத் தராசு அதை அளக்காது. பிணைப்புச் சேர்த்த தாமிர மருந்துகளுக்கு வேண்டிய அளவோ 2 முதல் 2.5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்); ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போட்டால் பேராபத்து. எந்த வகையானாலும் முதன்மைத் தொட்டிக்குள் வேண்டவே வேண்டாம். இறாலும் நத்தையும் பவளமும் அந்த அளவைத் தாங்காது. சுண்ணாம்புத்தன்மையுள்ள கல்லும் மணலும் தாமிரத்தை உறிஞ்சிவைத்துப் பிற்பாடு கசியவிடும். தாமிரம் ஓடும் தொட்டியில் அம்மோனியா கட்டும் திரவத்தையும் சேர்க்காதீர்கள். அது சில தாமிர மருந்துகளின் தன்மையை மாற்றி, நஞ்சைக் கூட்டிவிடும்.

மணலிலும் கல்லிலும் படரும் பழுப்புச் சளி மூன்றாவது பெரிய குழப்பம். புதுத் தொட்டியின் முதல் சில வாரங்களில் தூசுபோல் படியும் பழுப்பு, டயட்டம் என்ற நுண்பாசி, தானே போய்விடும். கருஞ்சிவப்புப் பாயாக விரிந்து, இழுத்தால் தாள் தாளாக உரியும் வழவழப்பு, சயனோ பாக்டீரியா. நீரோட்டம் குறைந்த மூலையில் வரும். உறிஞ்சி எடுத்து, மோட்டாரின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, தீனியைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கும். எரித்ரோமைசின் மாத்திரையைக் கரைத்து ஊற்றுவது கடைசி வழியாகக்கூட வேண்டாம் என்போம். பாய் முழுதும் ஒரே இரவில் செத்து அழுகும்போது ஆக்ஸிஜன் சரியும். தவிர, மனிதர்க்கான நுண்ணுயிர்க்கொல்லியைச் சாக்கடைக்கு அனுப்புவது யாருக்கும் நல்லதல்ல.

இந்தச் சளிகளில் மூன்றாவதாக வருவது டைனோ, அதாவது டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிரி. மூக்குச்சளிபோல் நூல் நூலாகத் தொங்கும், நுனியில் காற்றுக்குமிழ் நிற்கும், இரவில் குறைந்து பகலில் திரும்பும், அதை மேய்ந்த நத்தைகள் கவிழ்ந்து விழும். சந்தேகமிருந்தால் கொஞ்சம் உறிஞ்சி ஒரு சிறு பாட்டிலில் போட்டுக் குலுக்கி, காபி வடிதாளில் வடித்து, வடிந்த நீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். மறுபடி நூலாகத் திரண்டால் டைனோ. பள்ளி மாணவர் பயன்படுத்தும் நுண்ணோக்கி 400 மடங்கு காட்டினால் வகையும் தெரியும்: கண்ணீர்த்துளி வடிவில், ஒரு நூலில் கட்டிவிட்டதுபோல் ஒரே இடத்தில் சுழன்றால் ஆஸ்ட்ரியாப்சிஸ், மணலோடு சறுக்கிக்கொண்டு திரிந்தால் ஆம்ஃபிடினியம்.

இங்கேதான் தவறான வைத்தியம் நோயை வளர்க்கிறது. பழுப்பாக இருக்கிறதே, அழுக்கு என்று நினைத்து மேலும் மேலும் தண்ணீர் மாற்றி, பாஸ்பேட் நீக்கியையும் போடுகிறார்கள். டைனோ பெரும்பாலும் தலைதூக்குவதே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தைத் தொட்ட தொட்டியில்தான். போட்டிக்கு வேறு பாசி இல்லாத வெற்றிடத்தை அது பிடித்துக்கொள்கிறது. பாஸ்பேட் நீக்கியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் மாற்றுவதைச் சில வாரம் நிறுத்துங்கள். நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 பிபிஎம் வரை ஏற்றி நிறுத்துங்கள். 200 லிட்டரில் நைட்ரேட்டை 5 பிபிஎம் ஏற்ற 1.6 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் போதும். ஆய்வகத் தரம் வாங்குங்கள், உரக்கடையில் 13-0-45 என்று விற்பதில் வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்பது பையில் முழுதாக இருக்காது. பாஸ்பேட்டைக் கல் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் தினமும் அளந்து ஏற்ற வேண்டியிருக்கும். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் நீரில் மிதக்கும். 11 லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் யூவி விளக்கைத் தொட்டியோடு நேரடியாக இணைத்து மெதுவாக நீரை ஓடவிட்டால் அடிபடும். ஆம்ஃபிடினியம் மணலை விட்டு வராததால் யூவி வாங்குவது வீண் செலவு. பெயர் தெரிந்தால் பணமும் மிச்சம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பச்சைக் கோலிகுண்டுபோல் வரும் குமிழ்ப்பாசியை உடைக்காமல் அடியோடு கழற்றி எடுங்கள். உடைத்தால் வித்துகள் தொட்டியெங்கும் பரவக்கூடும். மூன்று வால் நுனியுள்ள செம்பழுப்புத் தட்டைப்புழு ஆயிரக்கணக்கில் இருக்கும்போது மருந்து போட்டால், செத்த புழுக்கள் விடும் நஞ்சில் மீன் சாகும். முதலில் பல நாள் உறிஞ்சி எண்ணிக்கையைக் குறைத்து, நஞ்சை உறிஞ்சும் புதிய கார்பனும் மாற்றுத் தண்ணீரும் தயாராக வைத்துக்கொண்டு பிறகு போடுங்கள். கல்லிடுக்கில் ஊரும் முள்மயிர்ப் புழுவைக் கண்டு பதறவேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை துப்புரவுத் தொழிலாளிகள். எண்ணிக்கை பெருகியிருந்தால் நீங்கள் தீனியை அதிகம் போடுகிறீர்கள் என்று பொருள். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள்.

பூச்சியை ஒழிக்கும் வேகத்தில் மனிதர்க்கு ஆபத்து வருவதும் உண்டு. பூச்சி பிடித்த கல்லை வெந்நீரில் கொதிக்கவைப்பது அதில் முதலிடம். பொத்தான்போல் கூட்டமாக வளரும், பவளத்துக்கு உறவான ஸோவாந்திட் வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. 1971 இல் ஹவாய்த் தீவுகளின் பாலிதோவா என்ற ஸோவாந்திட் ஒன்றிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. கல்லைக் கொதிக்கவைத்தாலோ, உலர்ந்த நிலையில் சுரண்டினாலோ, நீரைப் பீய்ச்சிக் கழுவினாலோ ஆவியிலும் சாரலிலும் நஞ்சு பரவும். 2018 இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷயரில் ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்து பவளத்தை எடுத்தபோது அந்தக் குடும்பத்தினரும், உதவிக்கு வந்தவர்களும்கூட மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏ.சி.க்காகக் கதவடைத்த நம் அறைகளில் இது இன்னும் மோசம். நாக்கில் உலோகக் கசப்பு, இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல், தசைவலி தெரிந்தால் உடனே வெளியேறி, மருத்துவரிடம் பாலிடாக்சின் என்ற பெயரைச் சொல்லுங்கள். மாற்றுமருந்து கிடையாது, மூச்சுக்கும் இதயத்துக்கும் துணை சிகிச்சைதான். அப்புறப்படுத்தும் ஸோவாந்திட்டை, பத்தில் ஒரு பங்கு ப்ளீச் கலந்த நீரில் குறைந்தது அரைமணி ஊறவைத்து, உறையிட்ட கையால் எடுத்து மூடிய பையில் போடுங்கள்.

இவையெல்லாம் தொட்டிக்குள் வரும் வாசல் எது? புதிதாக வாங்கிய ஏதோ ஒன்று. மீனோடு வந்த பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். புதுமீனை 30 நாள் தனித் தொட்டியில் வையுங்கள். 60 லிட்டர் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், இரண்டு எல்போ போதும். நத்தை ஓட்டிலும், பவளம் ஒட்டிய சிறு கட்டையிலும், பாசிக் கொத்திலும் கூடு ஒட்டி வரலாம் என்பதால் அவற்றுக்கும் மீனில்லாத தொட்டியில் அதே 76 நாள். பண்ணையில் பொரித்த நீமோ மீனில், கடலில் பிடித்ததைவிட ஒட்டுண்ணிச் சுமை குறைவு. மண்டபம் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் உருவான தொழில்நுட்பம்தான் இது, கேட்டு வாங்குங்கள். கடலிலிருந்து எடுத்த கல்லும் கல்பவளமும் பூச்சியின் மூட்டை என்பதோடு சட்டத்துக்கும் புறம்பு. கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சுட்ட மண்ணாலும் சிமெண்டாலும் செய்த செயற்கைக் கல்லில் நன்மை செய்யும் பாக்டீரியா நன்றாகவே வளரும்.

கடற்கரையில் தண்ணீர் மொண்டு வருபவர்களுக்கு: மழைக்காலத்தில் கரையோர நீரின் உப்பு இறங்கிவிடும், ஆற்றுமுகத்தின் கழிவும் சேரும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தது நினைவிருக்கும். அது நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிரிப் பெருக்கம், அத்தகைய நீர் தொட்டிக்கு ஆகாது. எப்போது எடுத்தாலும் 200 லிட்டருக்கு ஏறக்குறைய 7 கிராம் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, 24 மணி நேரம் காற்று ஓட்டி, பிறகு குளோரினை நீக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) சேர்த்து, குளோரின் சோதனைத் துளி மஞ்சளாகாத நிலை வந்தபின் பயன்படுத்துங்கள். உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அடர்த்தி 1.026. உப்புக் கலக்குபவர்கள் சமையலறை ஆர்.ஓ. நீரை அப்படியே எடுக்கவேண்டாம். சுவைக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலக்கும் திருகு அதில் இருக்கும். சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் அதன் வழியாகத்தான் வரும். கரைந்த அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. பிசின் குழாய் ஒன்றைச் சேர்த்து டிடிஎஸ் பூஜ்யம் காட்டினால் பாசிப் பிரச்சினையில் பாதி குறையும்.

சலித்துப்போய்த் தொட்டியைக் கலைப்பவர்கள், உள்ளே இருப்பதைக் கடலிலோ கழிமுகத்திலோ விடாதீர்கள். அட்லாண்டிக்கில் சிங்கமீன் பரவியதும், 1984 இல் மொனாக்கோ கரையில் தென்பட்ட காலெர்பா பாசி மத்தியதரைக் கடலில் விரிந்ததும் தொட்டிகளிலிருந்து வெளியேறியவற்றால்தான். கரீபியன் கடலிலிருந்து வரும் இறாலுக்கும் பாசிக்கும் வங்கக்கடலில் இடம் கொடுக்க வேண்டாம். மீன்களைக் கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ ஒப்படையுங்கள். பூச்சி நீரில் 20 லிட்டர் வாளிக்கு ஒரு தேக்கரண்டி ப்ளீச்சிங் பவுடர் போட்டு ஒரு மணி நேரம் வைத்துக் கழிப்பறையில் ஊற்றுங்கள். அதோடு கழிப்பறை ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

கடைக்காரர்களிடம் மூன்று கோரிக்கைகள். மருந்துப் பாட்டிலில் காலன் அளவுக்குப் பக்கத்தில் லிட்டர் அளவைத் தமிழில் ஒட்டுங்கள். தாமிரம் ஓடும் தொட்டியிலிருந்து மீன் கொடுத்தால் அதை வாங்குபவரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் அவர் நோயில்லாத மீன் என்று நம்பி நேரே வீட்டுத் தொட்டியில் விட்டுவிடுவார், மூன்றாம் வாரம் புள்ளி வரும். மருந்து கேட்டு வருபவரிடம், கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கடல்நீர்த் தொட்டி பராமரிப்பவர்கள் சிலர்,
சென்னை